கங்காணி பேரனுக்குப் பாஸ் கிடையாது

மலேசியாவின் பெடாஸில் சிரம்பான் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். இளையவர் பொரிந்துகொண்டிருந்தார்.

“கோல் முன்னால எங்கண்ணன் தனியா நிக்கிறான்க்கா. எங்க வீட்டுக்காரரு பந்தைப் பாஸ் பண்ணவே இல்ல. பைனல் தோத்தாச்சு.”

“ஒரே டீம்தானேம்மா? சொந்த மச்சான்வேற!”

“எங்க தாத்தா கங்காணியாம். ரப்பர் எஸ்டேட்டு பால்மரக் காட்டுல இவரு தாத்தாவைச் செருப்பால அடிச்சாராம். அதனால கங்காணி பேரனுக்குப் பாஸ் கிடையாதாம்.”

“கருமம். வெள்ளைக்காரன் போயாச்சு, எஸ்டேட்டும் போயாச்சு. அங்க இப்ப தாமான் குடியிருப்பு வீடுங்கதானே இருக்கு?”

“டீமுக்கு இன்னும் எஸ்டேட் பேருதான்லா. அந்த ஜெர்சியைப் போட்டா இவரும் தாத்தா ஆயிடுறாரு. அண்ணன் இனி எங்க வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்னுட்டான். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்.”

“நீ சும்மாவா விட்ட?”

“விடுவேனா? ‘நானும் கங்காணி பேத்திதானே, கட்டும்போது தெரியலையா’ன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘அது வெறும் கல்யாணம். இது பந்து’ங்கிறாருக்கா.”