கொதிக்க வைக்காத சாறு

திராட்சையைக் கழுவக் கூடாது. வீட்டில் ஒயின் போடுகிறேன் என்று கிளம்புகிற பத்துப் பேரில் ஒன்பது பேர், முதல் வேலையாகக் குழாயைத் திறந்து பழத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு ஜாடி பொங்கவே இல்லையே என்று என்னிடம் வந்து நிற்பார்கள். பழத்தோலின் மேல் மாவு தூவியதுபோல் மங்கலாக ஒன்று படிந்திருக்கும். பொங்க வைப்பது அதுதான். தொடக்கத்திலிருந்து எழுதச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. தொடக்கம் இதுதான்.

என் வீட்டுப் பின்புறத்தில் தகரக் கொட்டகையின் மேல் ஒரு கருந்திராட்சைக் கொடி படர்ந்திருக்கிறது. பழத்தை நான் இரண்டு பங்காகப் பிரிப்பேன். ஒரு பங்கைப் பிசைந்து, சர்க்கரை போட்டு, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வைத்தால் ஒயின். தெருவில் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பேன். இன்னொரு பங்கைப் பிசைந்து, வடிகட்டி, அடுப்பில் ஒரு கொதி விட்டு இறக்கினால் சாறு. அது என் தம்பிக்கு. இரண்டுக்கும் நடுவே பத்து நிமிஷ நெருப்புதான் வித்தியாசம்.

நான் பள்ளிக்கூடச் சோதனைக்கூடத்தில் முப்பது வருஷமாக உதவியாளர். பெயரும் தேதியும் எழுதி ஒட்டாத பாட்டில் என் வீட்டில் கிடையாது. அந்த நல்ல பழக்கம்தான் என்னை உங்கள் முன்னால் உட்கார வைத்திருக்கிறது. கெட்ட பழக்கம் உள்ளவர்கள் எல்லாம் வெளியே சௌக்கியமாக இருக்கிறார்கள்.

தம்பி பஸ் டிரைவர். பன்னிரண்டு வருஷம் குடித்தான். குடித்தது அவன், பெயர் வாங்கியது நான். கேட்டருகே விழுந்தவனைத் தோளில் சாய்த்துக் கூட்டி வருவேன், வாந்தியைக் கழுவுவேன், டிப்போவுக்குப் போன் செய்து காய்ச்சல் என்பேன். ஒரே மாதத்தில் மூன்று தடவை காய்ச்சல் வந்திருக்கிறது. "இந்த அக்கா இல்லைன்னா அவன் என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பான்" என்று எதிர்வீட்டு டெய்லர் மனைவி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வாள். கடையில் வரிசையில் நின்றால் எனக்கு வழி விடுவார்கள். தம்பிக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று சொன்னவள் என்றும் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் என்னை யாரும் கேட்கவில்லை. நல்ல பேச்சாக இருக்கிறதே என்று நானும் திருத்தவில்லை.

பிறகு ஒருநாள் ரத்தம் கக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். கல்லீரலில் பாதி போய்விட்டது, இன்னொரு தடவை தொடங்கினால் மீதியும் போய்விடும் என்று டாக்டர் என்னிடம் தெளிவாகவே சொன்னார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் எங்கேயும் எழுதப்போவதில்லை என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அவன் நிறுத்திவிட்டான். அந்த வார்டில் இருந்த நர்ஸ் அவனை நிறுத்த வைத்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். பன்னிரண்டு வருஷம் கழுவித் துடைத்தவள் நான். பன்னிரண்டு நாள் நாடி பிடித்துப் பார்த்தவளுக்குப் பாராட்டு. இருக்கட்டும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒயின் போடுவதை விட்டுவிடட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "குடிச்சது நான், நிறுத்துனதும் நான். நீ ஏன்க்கா உன் ஜாடியக் கவுக்கணும்?" என்றான். அவ்வளவு நல்ல பிள்ளை.

நல்ல பிள்ளையோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? விடிவதற்கு முன் எழுந்து தன் தட்டைத் தானே கழுவி வைப்பான். சொட்டுகிற குழாயை எல்லாம் சரி செய்தான். டெய்லர் மனைவி வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் சரி செய்து கொடுத்தான். அவள் இப்போது என்னைத் தாண்டிப் போய் அவனிடம் பேசினாள். "எப்படிம்மா சமாளிக்கிற?" என்று என்னைக் கேட்க ஓர் ஆள் இல்லை. சமாளிக்கவும் ஒன்றும் இல்லை.

பதினான்கு மாதம் ஆயிற்று. டிப்போவில் மறுபடி பஸ்ஸைக் கொடுத்தார்கள். தினமும் காலையில் டிரைவர்கள் ஒரு கருவியில் ஊத வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால்தான் சாவி கையில் வரும். தினமும் பச்சை. அதை ஏதோ பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியதுபோல் வந்து சொல்வான்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னான். அவனும் நர்ஸும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, இவனும் மாற்றல் கேட்டுவிட்டான், அடுத்த மாதம் கிளம்புகிறார்கள். "உன்னப் படுத்துனது போதும்க்கா. இனிமேலாவது நீ உன் வாழ்க்கையப் பாரு" என்றான்.

ஐம்பத்து மூன்று வயதில் என் வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். அலமாரியில் இல்லை, கட்டிலுக்கடியிலும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வாரம் கொடி நிறையப் பழம். சாறு பிழிந்து அடுப்பில் வைக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. இது உண்மை. மறுநாளே சிலிண்டர் வந்துவிட்டது. இதுவும் உண்மை. இருந்தாலும் அந்த மாதம் நான் அவன் சாற்றுக்கு அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும். முதலில் அன்று பிழிந்ததை அன்றே கொடுத்தேன். பிறகு ஒருநாள் வைத்தது, அப்புறம் இரண்டு நாள் வைத்தது. கொஞ்சம் சர்க்கரை கூட, கொஞ்சம் இஞ்சி கூட. ஒவ்வொரு டம்ளரும் முந்தைய டம்ளரைவிட ஒருநாள் மூத்தது, அவ்வளவே. எந்த டம்ளரில் சாறு முடிந்து ஒயின் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நாள் மட்டும் ஒவ்வொரு பாட்டிலிலும் எழுதி ஒட்டினேன்.

"என்னக்கா, நாக்குல சுருக்குங்குது?"

"இஞ்சிடா. வயித்துக்கு நல்லது."

"இன்னொரு டம்ளர் ஊத்து."

ஐந்தாம் நாள் சாற்றை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு டிப்போவுக்குப் போன காலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பஸ் வெளியே போகவில்லை. பயணிகளுக்கு ஓர் ஆபத்தும் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவியை நம்பித்தான் நான் கொடுத்தேன். எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஊதினான். மூன்றாம் தடவையும் ஊதினான். சத்தியம் செய்தான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையாகத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார். "வீட்டுல அவன் குடிக்கலைங்க. அதுக்கு நான் பொறுப்பு. வெளியில எங்க போறான், யாரைப் பாக்குறான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். ஒரே வாக்கியத்தில் அவனை வேலையிலிருந்து இறக்கியாயிற்று. அதில் கோபமாகக்கூட ஒரு சொல் இல்லை.

நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். "குடிச்சேன்னு உண்மையச் சொல்லிடு. நான் கூடவே இருக்கேன்" என்றாள். அவன் உண்மையைச் சொன்னான், குடிக்கவில்லை என்று. பொய் சொல்கிறவனோடு வாழ முடியாது என்று அவள் போய்விட்டாள். ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்று குடும்பஸ்தன். பிழைக்கத் தெரியாதவன்.

அன்று சமையலறை வாசலில் உட்கார்ந்து என்னைக் கேட்டான். "அக்கா, நான் குடிச்சேனா? முன்னாடியும் எத்தனையோ நாள் என்ன செஞ்சேன்னே தெரியாம இருந்திருக்கு. அந்த மாதிரி எங்கயாவது போய்க் குடிச்சுட்டு வந்தேனா?"

அவன் கண்ணைப் பார்த்தால் யாருக்கும் உண்மை வாய்வரை வந்திருக்கும். எனக்கும் வந்தது. "ஞாபகம் இல்லாம நடந்திருக்கும்டா. விடு. யாரு போனாலும் நான் இருக்கேன்ல" என்றேன். என் மடியில் தலையை வைத்து அழுதான். சின்ன வயதுக்குப் பிறகு அப்படி அழுததில்லை.

மறுநாள் கடைக்குப் போய் நிஜமாகவே குடித்துவிட்டு வந்தான். பழைய குருடி, கதவைத் திறடி. நான் கேட்டைத் திறந்தேன், தோளில் சாய்த்துக்கொண்டேன். டெய்லர் மனைவி ஓடி வந்து மறுபக்கம் பிடித்தாள். "எப்படிம்மா சமாளிக்கிற?" என்றாள்.

அதன் பிறகு வந்த இரண்டு மாதமும் நான் நிம்மதியாக இருந்தேன் என்று எழுதினால் தப்பாக நினைப்பீர்கள். இருந்தாலும் உண்மையை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

மறுபடி ரத்தம் கக்கினான். அதே வார்டு, அதே நர்ஸ். அவனுடைய பழைய மருந்துச் சீட்டுகளை எடுக்க அவள் அவனுடைய சாவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறாள். 'தம்பி சாறு, மூன்றாம் நாள்', 'தம்பி சாறு, ஐந்தாம் நாள்' என்று என் கையெழுத்தோடு பாட்டில்கள் வரிசையாக நின்றிருக்கின்றன. சாற்றுக்கு எதற்கு நாள் கணக்கு என்று யோசிக்கிற அளவுக்கு அவளுக்கு மூளை இருக்கிறது. தூக்கிப்போடாமல் ஏன் வைத்திருந்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள். சாப்பிடுகிற பொருளை எனக்கு வீணாக்கத் தெரியாது.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். என் தம்பி அன்று குடிக்கவில்லை. நான்தான் குடிக்க வைத்தேன்.

அவன் இப்போது மருந்தைத் துப்புகிறான், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறான் என்று நீங்கள் சொன்னீர்கள். "என் பேச்ச என்னாலயே நம்ப முடியல, நான் எதுக்குப் பொழைக்கணும்?" என்று டாக்டரிடம் கேட்டானாம். பிழைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றினால் இன்னும் வழி இருக்கிறதாம். அன்று நீ சொன்னது பொய்யில்லை என்று யாராவது சொன்னால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவான். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? நான் எழுதி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று நர்ஸை வெளியே உட்கார வைத்திருக்கிறீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். இந்தத் தாளை மட்டும் அவனிடம் காட்டாதீர்கள், அவளையும் சொல்ல விடாதீர்கள். இந்த உலகத்தில் அவன் இன்னும் நம்புவது என் ஒருத்தியைத்தான். சாகப்போகிற பிள்ளையிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.