எந்த மாசத்துல அலை கம்மி?

லி-யுன்: ...இல்லப்பா, இந்த மாசம் வேணவே வேணாம். நவம்பர்ல வாடைக்காத்து. நேத்து நம்ம கீலூங்லருந்து கிளம்புன எங்க கப்பல், ராத்திரி பூரா தொட்டில் மாதிரி ஆடிச்சு.

அப்பா: அப்படியா... எனக்கு என்ன தெரியும்.

லி-யுன்: இப்ப ஜப்பான்ல, நாஹா துறைமுகத்துல கட்டியிருக்கு. அதான் ஃபோன் கிடைச்சுது.

அப்பா: சரி, நாங்க எப்ப வரலாம், அதச் சொல்லு. பஸ் ஓட்டுறத விட்டப்புறம் சும்மாதான உக்காந்திருக்கேன். உங்கம்மாவுக்கும் பொண்ணு ஓட்டுற கப்பல்ல ஒரு தடவ ஏறணும்னு...

லி-யுன்: ஓட்டுறேன்னு நான் எப்பப்பா சொன்னேன்? மேல, கேப்டனுக்கு உதவியா நிக்கிறேன். அவ்வளவுதான்.

அப்பா: தெரு பூரா உங்கம்மா, நீதான் ஓட்டுறன்னு சொல்லி வெச்சிருக்கா. ஜனவரில வரலாமா?

லி-யுன்: அது இன்னும் மோசம். பிப்ரவரில நம்ம சீனப் புது வருஷம் முடியிற வரைக்கும் கடல் அடங்காது.

அப்பா: ஜூலை?

லி-யுன்: புயல்.

அப்பா: ஆகஸ்ட்?

லி-யுன்: பெரும்புயல். அதோட செத்தவங்க ஆவியெல்லாம் சுத்துற பேய் மாசம் வேற. அம்மா தண்ணிப் பக்கமே போகமாட்டா.

அப்பா: அப்ப ஏப்ரல்.

லி-யுன்: ஏப்ரல்ல முன்னோர் திருநாள் வருதே, தாத்தா கல்லறைய யார் சுத்தம் பண்றது?

அப்பா: மே மாசம்?

லி-யுன்: மே... மே மாசம் மழைப்பா.

அப்பா: கீலூங்காரனுக்கே மழையக் காட்டுறியா? அலை எப்படி, அதச் சொல்லு.

லி-யுன்: அலை... கொஞ்சம் கம்மிதான். ஆனா பனிமூட்டம். எதிர்ல வர்ற கப்பலே தெரியாது.

அப்பா: அப்ப உங்க கப்பல் எந்த மாசந்தாம்மா ஓடுது?

லி-யுன்: ஒரு நிமிஷம் இருங்க... ம், சொல்லுங்க.

அப்பா: என்ன அது, தட்டு உடைஞ்ச மாதிரி?

லி-யுன்: அது... கருவி. திசை காட்டுற கருவி.

அப்பா: திசையக் காட்டவா இவ்வளவு சத்தம்?

லி-யுன்: உங்க பக்கம் என்ன? ஜப்பான் மொழில யாரோ அறிவிப்பு சொல்றாங்க?

அப்பா: டிவிம்மா. உங்கம்மா நாடகம் பாக்குறா.

லி-யுன்: அவகிட்ட குடுங்க.

அப்பா: படுத்திருக்கா.

லி-யுன்: இப்பத்தான நாடகம் பாக்குறான்னீங்க?

அப்பா: படுத்துக்கிட்டே பாக்குறா.

அம்மா: குடுங்க இப்படி... லி-யுன், நல்லாருக்கியா?

லி-யுன்: உன் குரல் ஏம்மா இப்படி இருக்கு?

அம்மா: ராத்திரி பூரா வாந்திடி. ஒரு இடத்துல நிக்க முடியல. தரை அந்தப் பக்கம் போகுது, இந்தப் பக்கம் வருது...

அப்பா: தலைசுத்தல். அதச் சொல்றா.

லி-யுன்: பாத்தியா? வீட்லயே இப்படின்னா கப்பல்ல என்ன ஆவ? இதுக்குத்தான் வரவேணாங்குறேன்.

அம்மா: அலைக்குப் பயந்துதான் வேணாங்குறியா?

லி-யுன்: ...வேற எதுக்கு?

அம்மா: சும்மா கேட்டேன்.

லி-யுன்: அம்மா... அப்பா பக்கத்துல இருக்காரா?

அப்பா: இருக்கேன். சொல்லும்மா.

லி-யுன்: கப்பல் அதிகாரி ஆகுறதுக்கு எழுதுனேனே, அந்தப் பரீட்சை... நான் பாஸ் பண்ணவே இல்லப்பா. மேல எல்லாம் நான் நின்னதே கிடையாது. எனக்கு அடுப்படியில வேலை. நீங்க தெரு பூரா சொல்லி சந்தோஷப்பட்டீங்களா... அப்புறம் எனக்கு வாயே வரல.

அம்மா: அழுவுறியா?

லி-யுன்: இல்ல. வெங்காயம்... நிஜமாவே வெங்காயம்மா. மே மாசம் வாங்க. அலையே இருக்காது. ஆனா கேப்டன் பக்கத்துல என்னைத் தேடாதீங்க.

அப்பா: மே வரைக்கும் எதுக்கும்மா காத்திருக்கணும்? நேத்தே கீலூங்ல உங்க கப்பல்ல ஏறிட்டோம். திடீர்னு முன்னாடி வந்து நிக்கலாம்னுதான் சொல்லல. காலையில உங்கம்மா தலையத் தூக்கமுடியாம கெடந்தா. கப்பல் கேன்டீன்ல மாட்டுக்கறி நூடுல்ஸ் சூப் ஒரு கிண்ணம் வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சா, எழுந்து உக்காந்துட்டா. “இது நம்ம லி-யுன் கைப்பக்குவம், அவ இங்கதான் எங்கயோ சமைக்கிறா”ன்னா. ரெண்டு பேரும் தேடிக்கிட்டு வந்து, உன் அடுப்புக்கு எதிர் மேசையிலதான் உக்காந்திருக்கோம். கண்ணத் தொடச்சிக்கிட்டுத் திரும்பிப் பாரு... அப்படியே அம்மாவுக்கு இன்னொரு கிண்ணம் ஊத்து, நான் வரிசையில போய் நின்னா, முன்னாடி பெரிய கூட்டமா நிக்குது.