அப்பா பெங்களூருல இருக்காரு

கலைவாணி: இன்னொரு தடவ சொல்லு. அப்பா எங்க இருக்காரு?

திரிஷா: பெங்களூருல. மேஸ்திரி.

கலைவாணி: அம்மா?

திரிஷா: அம்மா... அப்பா கூடதான். சமைச்சுப் போட்டுக்கினு இருக்காங்க.

கலைவாணி: சிரிக்காத. சிரிச்சேன்னா மாட்டிக்குவ.

திரிஷா: இல்லாத அப்பாவுக்கு வேலையெல்லாம் குடுத்துட்டியே, அதான் சிரிப்பு வருது. கொஞ்சம் பெரிய வேலையா குடுத்திருக்கலாம் இல்லக்கா? பேங்க் மேனேஜர் மாதிரி...

கலைவாணி: பேங்க் மேனேஜர் பொண்ணு ஓரிக்கையில ஒத்த ரூமுக்கு எதுக்குடி வருது?

திரிஷா: அதுவும் சரிதான்... வூட்டுக்காரம்மா எப்பக்கா வருவாங்க?

கலைவாணி: ரேஷன் கடைக்குப் போயிருக்காங்க. சாவி அவங்க கிட்டதான். வந்துடுவாங்க, நெழல்ல நில்லு.

திரிஷா: நீ குடியிருந்தது இதே ரூமுலயா?

கலைவாணி: இதேதான். உங்க ஹோமுக்கு வேலைக்கு வந்த புதுசுல குடி வந்தேன். இப்பதான் திரும்பக் காலியாச்சுன்னு காதுல வுழுந்துது.

திரிஷா: அப்ப உனுக்கு யாருக்கா வந்து பேசுனாங்க? உங்கப்பாவா?

கலைவாணி: எங்க... எங்க வூட்டுலதான். நீ மொதல்ல துப்பட்டாவ ஒழுங்கா போடு.

திரிஷா: உண்மையச் சொன்னா இன்னாக்கா?

கலைவாணி: போன வாரம் பிள்ளையார்பாளையத்துல சொன்னியே, இன்னா ஆச்சு?

திரிஷா: “ஹோம் பொண்ணுங்களுக்கு வுடறதில்ல”ன்னாங்க.

கலைவாணி: அதுக்கு முன்னாடி?

திரிஷா: அந்தம்மா நல்லாதான் பேசுனாங்க. காபி கூட குடுத்தாங்க. அப்பறம், “நீங்க இன்னா ஆளுங்க?”ன்னாங்க. எனுக்கு ஆளே கெடையாது, நான் எங்க போயி ஆளுங்களத் தேடறது?

கலைவாணி: அதான் சொல்றேன். அட்வான்ஸ் ஹோம் நடத்தற ட்ரஸ்ட்டுல குடுக்கறாங்க. ஆறு மாசம் நானும் வந்து வந்து பாத்துக்குவேன். எல்லாம் இருக்குது. கதவத் தொறக்க மட்டும் ஒரு அப்பா வேணும்.

திரிஷா: ...ஹோம்லயே இருந்துடக் கூடாதாக்கா?

கலைவாணி: இருபத்தொண்ணு முடிஞ்சிடுச்சேம்மா. உன் கட்டிலுக்கு இன்னொருத்தி வரணும் இல்ல?

திரிஷா: தெரியும். சும்மா கேட்டேன்... காலைல நான் பையக் கட்டறப்ப பிரவீனா அழுதுட்டா. வந்த புதுசுல கண்ணாடிக்காக என்னோட அடிச்சிக்கினாளே, அதே பிரவீனா!

கலைவாணி: ஒரு கண்ணாடி, ஆறு பொண்ணுங்க. எந்நேரமும் பஞ்சாயத்துதான் எனக்கு.

திரிஷா: ஞாயித்துக்கெழம ஆனா சிம்ரன் எல்லாருக்கும் தல பின்னி வுடும். ஒருத்தி பின்னாடி ஒருத்தி உக்காந்துக்குவோம், ரயிலு மாதிரி. எதிர் வூட்டுத் தறி வேற லொடக்கு லொடக்குன்னு... மொதல்ல அந்தச் சத்தத்துல தூக்கமே வரல. இப்ப அது இல்லாத எடத்துல எப்படித் தூங்கறதுன்னு இருக்குது.

கலைவாணி: அப்ப தூக்கம் வராததுக்குத் தறியா காரணம்? பையக் கட்டிப்புடிச்சிக்கினு செவத்துல சாஞ்சே கெடந்த நீ. கட்டிலு பக்கமே போவல.

திரிஷா: பஸ் ஸ்டாண்டு பழக்கம்... அக்கா, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. அன்னிக்கு அங்க அவ்ளோ பேரு உக்காந்திருந்தாங்க. நானும் வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நிக்கறேன்னுதான் சொன்னேன். நீ எப்படிக் கண்டுபுடிச்ச?

கலைவாணி: செருப்பக் கழட்டித் தலைக்கு வெச்சிருந்த. பஸ்ஸுக்குக் காத்திருக்கறவ செருப்பக் கால்லதான் போட்டிருப்பா.

திரிஷா: அதெல்லாம் ட்ரெய்னிங்ல சொல்லித் தருவாங்களா?

கலைவாணி: ...ம். சொல்லித் தருவாங்க.

திரிஷா: நீ அதுக்கு மேல ஒண்ணுமே கேக்கல. பூரி வாங்கியாந்து பக்கத்துல உக்காந்து, “பஸ்ஸு வர்ற வரைக்கும் சாப்புடு”ன்ன. வாலாஜாபாத் பஸ்ஸு எத்தினியோ போச்சு. நீ எழுந்துக்கவே இல்ல. அந்த மாதிரி பூரி அதுக்கப்பறம் நான் சாப்புடவே...

கலைவாணி: ஷ்... வராங்க. பெங்களூரு. மறக்காத.

கங்கையம்மாள்: வா கலைவாணி! எம்மாம் நாளாச்சு ஒன்னப் பாத்து, எளச்சிட்டியே... இந்தப் பொண்ணுதானா? பேரு இன்னாம்மா?

திரிஷா: திரிஷாங்க.

கங்கையம்மாள்: வேலைக்குப் போறியா?

திரிஷா: காந்தி ரோட்டுல புடவக் கடையிலங்க. எடுத்துப் போடற வேல.

கங்கையம்மாள்: நின்னுக்கினே இருக்கணுமே, பாவம். அப்பா இன்னா பண்றாரு?

திரிஷா: அப்பா... பெங்களூருல...

கங்கையம்மாள்: ம்?

திரிஷா: இல்லம்மா. அப்பா இல்ல. யாருமே இல்ல. பஸ் ஸ்டாண்டுல கெடந்தேன், அப்பறம் ஹோம்ல. ரெண்டு வருஷமா அதே கடையிலதான் இருக்கேன், கேட்டுக்கினு கூட வாங்க. பொய் சொல்லி உள்ள வந்தா எனுக்கு இங்க தூக்கம் வராது.

கலைவாணி: திரிஷா! ...அம்மா, அவ மேல கோவப்படாதீங்க. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

கங்கையம்மாள்: நீதான் சொல்லிக் குடுத்திருப்பன்னு எனுக்குத் தெரியாதா?

கலைவாணி: இன்னாம்மா சொல்றீங்க...

கங்கையம்மாள்: இந்தா பொண்ணே, சாவியப் புடி. கதவு கீழ மாட்டும், தூக்கித் தள்ளணும். இவளும் இதே வாசல்ல நின்னுக்கினு, “அப்பா பெங்களூருல மேஸ்திரி”ன்னுதான் சொன்னா. எட்டு வருஷம் இருந்தா. ஒரு பொங்கலுக்கு வரல அந்த மேஸ்திரி, இவ டெங்கு வந்து கெடந்தப்பவும் வரல. நானும் ஒரு நாளும் கேட்டுக்கல... கேட்டா, காலி பண்ணிக்கினு பூடுவாளோன்னு பயமா இருந்துது.