சாமி காதுக்குப் போன பாட்டு

— “1987 மே 14. பிஜியின் தலைநகர் சுவாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ஆண்டு ரக்கிரக்கியில் அப்பலசாமி ஒரு பக்திப் பாடல் இயற்றினார்.” ஞாயித்துக்கிழமை உங்க பாராட்டுக் கூட்டத்துல இப்படித்தான் ஆரம்பிக்கப்போறேன், ஐயா.

— பக்தியா! அரே வாத்தியாரே, தமிழ்நாட்டுலேர்ந்து வந்தவரு, நீங்களுமா?

— கோயில் கமிட்டி கம்லாம்மா சொன்னதுங்க. நேத்து பூசையில கேட்டேன். பசங்க இங்கிலீஷ் எழுத்தைப் பாத்துப் பாடறாங்க, ஒரு சொல்லும் பிடிபடல. ஆனா அந்த மெட்டு இருக்கே…

— மெட்டு கெடக்கு. சொல்லக் கேளுங்க. “வண்டி ஏறிப் போனியே, வாசலையும் சாத்தலையே, கட்டிவச்ச மாடு ரெண்டும் கத்துதடா, கல்நெஞ்சா!” இதுல எங்கப்பா சாமி?

— ஐயையோ. இதுக்கா கற்பூரம் காட்டினாங்க?

— பதிமூணு வருசமா காட்டறாங்க! கல்நெஞ்சான்னதும் கையத் தூக்கிக்கிட்டு உருகறாங்க. என் மச்சானத் திட்டின பாட்டு அது. ராணுவம் வந்ததும் சொல்லாம கொள்ளாம கனடாவுக்கு ஏறிட்டான். பக்கத்துத் தோட்டம்தான். மாடு கத்தித்தான் எனக்கே தெரிஞ்சுது. இங்க ரக்கிரக்கி பினாங்கு சக்கரை மில்லு வாசல்ல கரும்பு லாரி வரிசையில நின்னுக்கிட்டே கட்டினேன்.

— கமிட்டியில சொல்லக்கூடாதா?

— சொல்லாமலா? கம்லாகிட்ட இந்தியில சொன்னேன். ‘எவ்ளோ அடக்கம் உங்களுக்கு’ன்னு காலத் தொட்டுக் கும்புடுது!

— நிந்தாஸ்துதின்னு ஒன்னு இருக்கு. சாமியைத் திட்டியே துதிக்கிறது. அப்படிச் சொல்லிச் சமாளிக்கட்டுமா?

— சாமி மாட்ட விட்டுட்டு கனடாவுக்கா போச்சு?

— கோவப்படாதீங்க ஐயா. கல்நெஞ்சாவுக்கு முன்னால மூச்சு அப்படியே நின்னு, அப்புறம் அடிவயித்துலேர்ந்து எழும்புதே, அந்த மாதிரி எங்க ஊர்லயும் நான் கேட்டதில்ல.

— வினாக்கா, ரொம்ப நன்றி. எல்லாரும் அந்த இடத்தத்தான் புகழறாங்க. அது மெட்டு இல்ல வாத்தியாரே, மாடு. அது அப்படித்தான் கத்துச்சு.

— மாடா! நான் ராகம்னுல்ல நெனைச்சேன்.

— அவன் காதுக்குப் போகணும்னு பாடினேன், சாமி காதுக்குப் போயிடுச்சு. கேசட்டுல புடிச்சு அவனுக்கும் அனுப்பினேன். ஒரு பதிலு? ம்ஹூம். ஞாயித்துக்கிழமை மேடையில நீங்க அர்த்தத்தச் சொல்லிடணும்.

— சொன்னா அப்புறம் பாடமாட்டாங்களே.

— பாட வேணாம்! போன மே மாசம் திரும்பவும் துப்பாக்கியோட நாடாளுமன்றத்துல பூந்தாங்கல்ல, அதுலேர்ந்து நம்ம இந்தியாக்காரங்க வீடுவீடா காலி ஆவுது. கெளம்பறவன் எல்லாம் இந்தக் கேசட்டக் கேக்கறான், வழித்துணையாம். வழித்துணைக்கு வசவா!

— அப்போ கம்லாம்மா கடைசியாச் சேர்க்கச் சொன்னதையும் பேச்சுலேர்ந்து அடிச்சிடறேன். கனடாவுல வான்கூவர் கோயில்ல வெள்ளிக்கிழமைதோறும் இதைத்தான் பாடறாங்களாம்.

— அங்கயுமா! எவன் கத்துக்குடுத்தான்?

— ரக்கிரக்கிக்காரர்தான். பாலசுப்பிரமணின்னு ஒரு பெரியவர்.

— என் மச்சான் பேரு அது.

— கல்நெஞ்சாங்கிற இடம் வந்தா மத்தவங்களை நிறுத்திடுவாராம். அதை மட்டும் அவரே தனியாப் பாடுவாராம்.