குழாயை மூடாதே!

— ஏங்க, குழாயை மூடுங்க! சமையக்கட்டுல தண்ணி நூல் மாதிரி வருது. மாடித் தொட்டியே காலியாகப் போகுது!

— மூட முடியாது. மெதுவாப் பேசு.

— உள்ள குளிக்கிறீங்களா, இல்ல...

— ரெண்டாவதுதான். போதுமா?

— அதுக்கு எதுக்கு இவ்ளோ தண்ணி? யானையா கழுவுறீங்க?

— சத்தம் வெளிய வரக் கூடாதுல்ல! கதவைத் தாண்டினா ஹாலு. ஹால்ல உங்கப்பா.

— அட என் செல்லக் கிறுக்கே! வயித்து டாக்டரு நீங்க. ஊரையே 'காலையில நல்லாப் போச்சா'ன்னு விசாரிக்கிற ஆளு!

— அது அவங்க வயிறு. இது என் மானம்.

— அப்பாவுக்குத்தான் காது மந்தமாச்சே. டிவி எப்படி அலறுது பாருங்க.

— விளம்பரம் மாறும்போது ஒரு நொடி அடங்குதே, அப்ப?

— ஓஹோ! அதான் இங்க வந்த மறுநாளே ஊருக்குப் போலாம்னு குதிக்கிறீங்களா? எங்க வீட்டு மனுஷங்களைப் புடிக்கலைன்னு நினைச்சு நான் எத்தனை தடவை அழுதிருக்கேன் தெரியுமா?

— புடிக்கும்டி. இந்த வயிறுதான். வாசப்படி மிதிச்சதும் பூட்டுப் போட்டுக்குது.

— இந்தத் தடவை ஒரு வாரம் இருப்போம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்.

— ஒரு வாரமா! செத்தேன்... ஐயையோ!

— என்னாச்சு?

— தண்ணி நின்னுபோச்சு. ஒரு சொட்டு வரல.

— இவ்ளோ நேரம் ஓடினது வாளியில இருக்குமே?

— வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல விட்டேன். அப்பத்தான் தடதடன்னு கேக்கும்.

— டாக்டருக்குப் படிச்ச மூளை! மோட்டார் போட்டாலும் தண்ணி ஏற நேரமாகும். இருங்க, கீழ் வீட்டுல ஒரு வாளி வாங்கிட்டு வரேன்.

— எதுக்குன்னு சொல்லிடாதே!

— பூச்செடிக்குன்னு சொல்றேன் சாமி, உக்காந்திருங்க.

— ...வந்துட்டியா? டொக்குனு வச்சியே, வாளிதானே? இரு, போயிடாதே. ஒண்ணு சொல்லணும். உங்கப்பா தங்கமான மனுஷன். எங்கப்பா இருந்திருந்தாக்கூட என்னை இப்படித் தாங்கியிருக்க மாட்டாரு. அவர்கிட்டப் போய் மானம் கெடணுமாங்கிற பயம்தான். மத்தபடி ஒரு வாரம் இருக்க எனக்கும் ஆசைதான்டி. என்ன, வாயே திறக்க மாட்டேங்குற?

— மாப்ளே, குடிதண்ணி அண்டாவுல இருந்து மொண்டு வச்சிருக்கேன். நான் நாற்காலிக்குப் போனப்புறம் கதவைத் திறந்து எடுத்துக்குங்க.

— மா... மாமா! இவ்ளோ மெதுவாப் பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?

— கேட்டுச்சு. ஒரு வாரம் இருங்க. என் பொண்ணுகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க, பாவம், என்கிட்டக் கத்திக் கத்தியே பேசிப் பழகிட்டா.

— அப்ப உங்க காது...?

— கல்யாணமான மறுநாள் காலையில இதே குழாயைத் திறந்துவிட்டீங்களே மாப்ளே, அன்னிக்குத்தான் எனக்குக் காது மந்தமாச்சு.