தூக்கிக் குடிக்கிறவன்

டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவரவர் வீட்டு வழக்கம் அவரவருக்கு. நான் தூக்கிக் குடிக்கிறவன், அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஜகந்நாதன் எச்சில் பட்டதைத் தொடமாட்டான் என்று. ராஜபாளையத்தில் மில் ஆபீஸில்கூட என் டம்ளர் தனியாகத்தான் கவிழ்ந்திருக்கும்.

சேஷு, இதை உனக்குத்தான் எழுதுகிறேன். கமலவல்லிக்குத் தம்பி நீ ஒருவன்தான். புருஷன் நான் ஒருவன்தான். வேறு யாரிடம் சொல்வது? நாளைக் காலை பத்து மணிக்கு வக்கீல் ராஜரத்தினத்தைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறாய். அவர் டைப் அடித்து வைத்திருக்கும் பிரமாணப் பத்திரத்தை நேற்றே படித்துப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன், உங்கள் ஆஸ்திரேலியாவில் கமலவல்லி இறந்துபோன அன்று, “என் மனைவியிடம் தண்ணீர் இல்லை” என்று கேம்ப் ஆபீஸ்காரரிடம் நான் சொன்னதாகவும், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் அதில் இருக்கிறது. அந்த மனுஷரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரிக்கிறார்கள் என்று நீயே சொன்னாய். என் கையெழுத்தும் போய்ச் சேர்ந்தால் அவர் கதை முடிந்தது.

நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. ஏன் என்று நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலியா ஆசை அவளுடையது. பெண்கள் பள்ளியில் பதினாறு வருஷம் பூகோளம் எடுத்தாள். கரும்பலகையில் சாக்பீஸை வைத்தால் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஆஸ்திரேலியாவை வரைந்துவிடுவாள். செட்டியார்பட்டியிலிருந்து வருகிற பிள்ளைகள் அதற்குக் கைதட்டும். வரைகிற நாட்டைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதில் தப்பில்லை. நீயும் டிக்கெட் அனுப்பிவிட்டாய். ஆனால் அரைப்பரீட்சை லீவோடு முன்னால் சில நாள் சேர்த்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் போகவேண்டும் என்றாள். அதாவது மார்கழியில்.

மார்கழியில் விடிவதற்கு முன் குளித்து, திருமண் இட்டு, கோயில் கோஷ்டியில் நின்று திருப்பாவை சேவிக்கிறவன் நான். இருபத்திரண்டு வருஷம், ஒரு நாள் தவறியதில்லை. இரண்டாம் வரிசை, மூன்றாவது ஆள். கோஷ்டியில் இடம் என்பது பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடிக்கிற இடம் இல்லை. ஒரு மார்கழி நாம் இல்லையென்றால் அடுத்தவன் வந்து நின்றுவிடுவான். நின்றான். ஹயக்ரீவன்தான். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறான். இதையெல்லாம் அவளிடம் எடுத்துச் சொன்னேன். ஒரு வருஷந்தானே என்றாள். அந்த ஒரு வார்த்தையில் என் இருபத்திரண்டு வருஷமும் போயிற்று.

அதற்குமுன், அங்கே மலைப் பக்கம் நடப்பதற்கென்று பயிற்சி வேறு. நீ அனுப்பிய இரண்டு நீலநிற முதுகுப்பைகளில் அரிசியையும் பழைய பாடப்புத்தகங்களையும் திணித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு நடந்தோம். பஸ் எல்லாம் எங்களைக் கடந்து போகும். ஜன்னலில் தெரிகிற முகமெல்லாம் தெரிந்த முகம். கான்வாஸ் ஷூவும் தூக்கிச் செருகிய புடவையுமாக அவள் முன்னால் போவாள். மில் வாசலில் வாட்ச்மேன் வேலுசாமி ஒரு நாள் ஸ்டூலை விட்டு எழுந்துவந்தான்.

“என்ன சாமி, மூட்ட முடிச்சோட எங்க கெளம்பிட்டிய? டீச்சரம்மா முன்னால போறாவ, நீங்க பின்னாலயில்ல வாரிய” என்றான்.

அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்துக்கொண்டே பாட்டிலைத் திறந்து, அவன் கண்ணெதிரிலேயே வாய் வைத்துக் குடித்தாள். நடக்கும்போது அப்படிக் குடித்தால்தான் சிந்தாது என்று எனக்கு விளக்கமும் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் மில் முழுக்க அதுதான் பேச்சு.

அடிலெய்டில் விமானம் இறங்கியதும் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, நீ வெளியில் நின்றிருந்தாய். நாச்சியார் சூடிக் களைந்த மாலையில் நாலு இதழும் கொஞ்சம் துளசியும் மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப் போயிருந்தேன். காய்ந்த பூகூட அந்த நாட்டுக்குள் வரக்கூடாதாம். கையுறை போட்ட ஒரு பெண் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கமலவல்லி அவளுக்கு நன்றி சொன்னாள். எதற்கு நன்றி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

டிசம்பரில் அங்கே கோடை என்று எனக்கும் தெரியும். ஆனால் மார்கழி பிறந்தால் என் உடம்பு பனிக்குத் தயாராகிவிடும். பெட்டியில் மஃப்ளர் வைத்திருந்தேன். உன் வீட்டு ஹாலில் அதை எடுத்துப் பிடித்துக்கொண்டு அக்காவும் தம்பியும் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். உனக்கு மறந்திருக்கும்.

பிறகு நாங்கள் இரண்டு பேருமாகக் கிளம்பி, பஸ் பஸ்ஸாக மாறி வடக்கே போனோம். தங்கிய இடமெல்லாம் எவனெவனோ எதையெதையோ வறுத்த சட்டிகள் கிடக்கும் பொதுச் சமையலறைகள். நான் வாழைப்பழமும் தயிரும் தின்று நாளை ஓட்டினேன். அவள் மேப்பை விரித்தால் போதும், நாலு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொள்ளும். அவளோடு பேசும், சிரிக்கும். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊரில் அவள் ஜகந்நாதன் ஆத்துக்காரி. அங்கே நான் யார் என்று எனக்கே தெரியாமல் போயிற்று. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வயிறு எரிந்தது உண்மை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அந்தச் சிவந்த மலைப் பக்கம் நடந்தோம். கேம்ப் ஆபீஸ்காரர், தொப்பி வைத்த வயசான மனுஷர், எங்கள் பெயரை எழுதிக்கொண்டு, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீராவது வேண்டும் என்றார். கமலவல்லி மூன்று பெரிய பாட்டில்களை அடுக்கிக்கொண்டாள். பிளாஸ்டிக்கில் வைத்த தண்ணீர் எனக்குத் தொண்டையில் இறங்காது. என் எவர்சில்வர் கூஜா போதும் என்றேன். போதாது என்று அந்த மனுஷர் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். அதையும் குறித்துக்கொள்.

நடக்கிற மூச்சிரைப்பில் கூஜாவைத் தூக்கிக் குடித்தால் பாதி சட்டைக்குத்தான் போகிறது. பத்து மணிக்குள் காலி. அவளிடம் ஒரு பாட்டில், முக்கால் அளவு, மிச்சமிருந்தது. அதுவும் அவள் வாய் வைத்தது. என்னிடம் நீட்டினாள். வேண்டாம், எச்சில் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“ஏன்னா, நம்ம ஊர் நாச்சியார் தான் சூட்டிண்ட மாலையைத்தானே குடுத்தா? பெருமாளே அதைத்தான் வேணும்னு ஏத்துண்டார். உங்களுக்கு நான் வாய் வெச்ச ஜலம் ஆகாதா?” என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் அந்தச் சன்னிதியில் நின்றவனுக்கு அதற்குப் பதில் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் கேட்டாள் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. முன்னால் நடந்தேன். அந்தப் பயணத்திலேயே நான் முன்னால் நடந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால், அவள் கல் சறுக்கி விழுந்திருந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. ஊன்ற முடியவில்லை. ஒரு பாறை நிழலில் உட்காரவைத்தேன். நான் போய் ஆள் கூட்டிவருவது என்று முடிவானது. முடிவு செய்தவளும் அவள்தான். “இதுல பாதி உங்களுக்கு. குடிச்சுட்டுப் போங்கோ” என்று மறுபடி பாட்டிலைக் காட்டினாள். மறுபடி வேண்டாம் என்றேன். சரி என்று பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வலியில் கண்ணை மூடினாள். செத்த நேரத்தில் மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டாள்.

சேஷு, நான் கேட்டிருந்தால் பாதி எனக்குத்தான். எழுப்பிக் கேட்டிருக்கலாம். எழுப்பினால் சிரிப்பாள். எச்சில் ஆகாதவர் கடைசியில் கேட்டு வாங்கிக் குடித்தார் என்று உன்னிடம் சொல்லிச் சிரிப்பாள். நீ இங்கே வந்து தெருவில் சொல்லிச் சிரிப்பாய். மஃப்ளருக்கே அந்தச் சிரிப்புச் சிரித்தவர்கள்.

அதனால் எழுப்பாமல் எடுத்தேன். பாதிதான் குடிக்க நினைத்தேன். வாய் வைத்துத்தான் குடித்தேன், அப்போது ஒரு சொட்டு சிந்தினாலும் நஷ்டம். பாதியில் நிறுத்தியபோதுதான் யோசனை வந்தது. பாதி குறைந்திருந்தால் நான் குடித்தது அவளுக்குத் தெரிந்துவிடும். முழுதும் இல்லையென்றால் கசிந்துபோனது என்று நினைப்பாள். ஆகையால் மீதியையும் குடித்தேன். மூடியைத் தளர்த்தி, பாட்டிலைப் படுக்கவைத்து, அவள் கைக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தேன். புடவைத் தலைப்பை இழுத்து அவள் முகத்துக்கு வெயில் படாமல் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

கேம்ப் ஆபீஸுக்கு வந்துசேர மணி இரண்டாயிற்று. அந்த மனுஷர் எழுந்து ஓடிவந்து என்னைத் தாங்கிப் பிடித்தார். இரண்டு கேள்வி கேட்டார். நிழலில் இருக்கிறாளா? இருக்கிறாள். தண்ணீர் இருக்கிறதா?

இருக்கிறது என்றேன். ஒரு பாட்டில் நிறைய இருக்கிறது என்றேன்.

இல்லை என்று சொன்னால், காலையில் மூன்று பாட்டில் எடுத்துப் போனார்களே, என்னவாயிற்று என்று கேட்பார். கேட்டிருக்கமாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. நான் சொன்னதை அவர் அப்படியே நோட்டில் எழுதினார். வேறொரு பாதையில் தண்ணீர் தீர்ந்துபோய் இரண்டு பிள்ளைகள் மாட்டிக்கொண்டிருப்பதாக வயர்லெஸ்ஸில் தகவல் வந்திருந்தது. இருப்பது ஒரே ஜீப். அவர்களை முதலில் எடுத்துவிட்டுக் கமலவல்லியிடம் போகலாமா என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டார், சேஷு. அந்த நாட்டில் ஒருவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. போகலாம் என்றேன்.

ஜீப் திரும்பி வருகிறவரை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். குழாயில் ஏழு தடவை வாய் கொப்பளித்தேன். அந்த மனுஷரின் சம்சாரம் கேக்கும் பழரசமும் கொண்டுவந்து வைத்தாள். கேக்கில் முட்டை. கண்ணாடி டம்ளரோ பலபேர் வாய் வைத்தது. தொடவில்லை. மணி ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் உயிர் போய் வெகு நேரம் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார்.

அந்த ஊர்ப் போலீஸ் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது எனக்காகப் பேசியவன் நீதான். எங்கள் அத்திம்பேர் செத்தாலும் இன்னொருவர் எச்சிலைத் தொடமாட்டார், அது எங்கள் வழக்கம் என்று இங்கிலீஷில் பொறுமையாக எடுத்துச் சொன்னாய். அவர்களும் எழுதிக்கொண்டார்கள். அவளே குடித்துத் தீர்த்திருப்பாள் என்று முடிவாயிற்று. பிறகு நான் தண்ணீர் இல்லை என்று சொல்லியும் அந்த மனுஷர் ஜீப்பை வேறு பக்கம் ஓட்டினார் என்று நீயாகவே எப்படியோ முடிவுகட்டிக்கொண்டாய். நான் அப்படிச் சொன்னதே இல்லை. மறுக்கவும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் பாட்டிலைப் படுக்கவைத்துவிட்டு வந்தேன். நாங்கள் போய்ப் பார்த்தபோது அது நிமிர்ந்து நின்றது. மூடி இறுக்கித் திருகியிருந்தது. கசிந்திருந்தால் கீழே மண் நனைந்திருக்கும். மண்ணைப் பற்றிப் பதினாறு வருஷம் பாடம் எடுத்தவள் அதைப் பார்க்காமல் இருந்திருக்கமாட்டாள். பார்த்தபிறகு எதற்கு மூடினாள்? அவளே குடித்து முடித்து மூடிவைத்த மாதிரி, எதற்கு அவ்வளவு நேர்த்தியாக நிறுத்திவைத்தாள்?

என் பேர் கெடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தாள் என்று நினைக்கிறேன். ஆயிரம் இருந்தாலும் நம் வீட்டுப் பெண். அவள் காப்பாற்றிக் கொடுத்ததைக் கட்டிக்காக்க வேண்டியது என் பொறுப்பு. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம். போலீசுக்குப் போவதென்றால் ராஜரத்தினத்தையே கூட்டிக்கொண்டு போ. ஆனால் அந்தத் தொப்பிக்காரர் உண்மையைத்தான் எழுதினார். ஒரு நிரபராதியின் பிழைப்பைக் கெடுக்கிற பத்திரத்தில் பொய்க் கையெழுத்துப் போடுவது என் ஆசாரத்துக்கு ஒத்துவராது.

தெருவில் மட்டும் சொல்லாதே. என் ஆயுசில் இன்னொருவர் எச்சிலை நான் குடித்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு இந்த இரண்டு வருஷத்தில் ஒரு சொட்டு கிடையாது, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.