பின்பக்கம் போனவர்கள்

— தண்ணி போதும் தங்கச்சி. ரங்கோன்லேருந்து நடந்து வந்த காலு, வீக்கம் இன்னும் வடியல. ஆனா அரியமுத்தண்ணன் சம்சாரம் உங்களப் பாத்துச் சொல்லாம, இந்த வெள்ளைச்சாமிக்குச் சோறு எறங்காது.

— ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பிச்சா வந்தீங்க?

— ஆமா. நான் சொல்ல வந்தது அதுக்கு நாலு வருசம் முந்துன கலகம், காயிதத்துல எழுத மனசு வரல. பர்மாக்காரங்களுக்கும் நம்ம ஆளுவளுக்கும் வெட்டுக்குத்தாச்சே, அப்ப நடந்தது. அண்ணன் வாசகசாலையப் பத்தி எழுதலியா?

— அவருக்கு எழுதத் தெரியாதேண்ணே. கைநாட்டு.

— அங்க வந்துதான் படிச்சாரு. பகல்ல துறைமுகத்துல மூட்டை தூக்குவாரு. பொழுது சாஞ்சா வாசகசாலை. நம்ம ஜனங்க சேந்து கட்டுனது. கூட்டித் தொடைச்சிட்டு அங்கேயே படுத்துக்குவாரு. எழுத்துக்கூட்டி, பேப்பரச் சத்தம் போட்டுப் படிப்பாரு. கேக்க ஆளே இல்லன்னாலும் படிப்பாரு.

— சத்தம் போட்டா?

— தெருவுக்கே கேக்கும், என்னத்தச் சொல்ல.

— ம்... சொல்லுங்க.

— கலகத்தன்னைக்கு, பொண்டு புள்ளைவளோட அதுக்குள்ளதான் ஓடிப் பூந்தோம். வெளிய வெட்டுக்கத்தியோட கூட்டம். அண்ணன் பொஸ்தக அலமாரியெல்லாம் இழுத்துக் கதவுக்கு அண்டக் குடுத்தாரு. முதுக முட்டுக் குடுத்து நின்னுக்கிட்டு, "பின்பக்கமா ஓடுங்கடா"ன்னு கத்துனாரு. ஓடுனா, என்னத்தச் சொல்ல, சந்துலயும் கத்திக்காரனுங்க. நாங்க போட்ட கூப்பாடு அவரு காதுல விழுந்திருக்கும்.

— அப்புறம்?

— ஒரு பர்மாக்காரக் கெழவி எங்கள அவ நெல்லுக் கிடங்குல தள்ளிப் பூட்டிட்டா. கேட்டவங்கிட்ட இல்லவே இல்லன்னுட்டா. வெளிய வந்து பாத்தா வாசகசாலை முழுக்கச் சாம்பலு. பொஸ்தகம் எரிஞ்ச கருக்கு தெருவெல்லாம் பறந்துச்சு. கூரை விழுந்து கெடந்துச்சு. தெருவுல கருகிக் கெடந்தவங்கள்ல அண்ணன் யாருன்னு அடையாளம் தெரியல தங்கச்சி.

— பின்பக்கம் போனவங்க எல்லாரும் பொழச்சீங்களா?

— எல்லாரும். எம்மவளுக்கு ஒரு கீறல் இல்ல. நீங்க என்னா, பொட்டும் பூவுமா இருக்கீங்க, கண்ணுல தண்ணி வரல... நான் சொன்னது வெளங்கலியா?

— எந்திரிங்கண்ணே. கொல்லையில புளியமரத்தடியில உக்காந்திருக்காரு, முதுகெல்லாம் தீத்தழும்பு. யாரோ கப்பலேத்தி வுட்டு வந்து சேந்தாரு. அன்னையிலேருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது. தூக்கத்துல மட்டும் "எல்லாரையும் நானே அனுப்பிக் கொன்னுட்டேன்"ன்னு அழுவாரு. யாரன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. போயி அவரு முன்னாடி நில்லுங்க.